ஜிஎம்ஆர் நடத்துற ஏர்போர்ட்ல எது அவங்க வேலை, எது இல்லை? 45.99 சதவீதம் எப்படிக் கட்டுப்படியாகுது?

பரங்கிமலைவாசி:
டெல்லி, ஐதராபாத், கோவா மோபா மூணையும் ஜிஎம்ஆர் குழுமம்தான் நடத்துது. அப்படின்னா டவர், செக்யூரிட்டி, இமிக்ரேஷன், பேக் ஏத்தி இறக்குறது எல்லாமே அவங்க ஆட்களா? டெல்லியில வருமானத்துல 45.99 சதவீதம் மத்திய அரசோட ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டிக்குப் போகுது. லாபத்துல இல்லை, மொத்த வருமானத்துல. கட்டடக் கடன் வேற இருக்கு. இது எப்படிக் கட்டுப்படியாகுது? டிக்கெட்டுல யுடிஎஃப்னு (பயனர் மேம்பாட்டுக் கட்டணம்) பிடிக்கிற காசு இதுக்குத்தானா? கடைசியா, பேக் வரலைன்னா யாரைப் பிடிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரன்வே09:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். குழுமம் நேரடியா நடத்துறதில்லை, ஒவ்வொரு ஊருக்கும் தனி கம்பெனி. டெல்லிக்கு டயல் (டெல்லி இன்டர்நேஷனல் ஏர்போர்ட் லிமிடெட்). அதுல ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டிக்கு 26 சதவீதப் பங்கு உண்டு. ஒப்பந்தம் 2006 ஏப்ரல்ல கையெழுத்தாச்சு, 30 வருஷம், அதுக்கு மேல இன்னொரு 30 நீட்டிக்கலாம்.

டயல் கையில இருக்கிறது ஓடுபாதை, டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் போய் வர்ற வழி), விமானம் நிக்கிற இடம், டெர்மினல் கட்டடம், ஏரோபிரிட்ஜ், கன்வேயர், தீயணைப்பு. டவர், ரேடார் எல்லாம் ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி. பையைத் தட்டுல வைக்கச் சொல்றவங்க மத்திய அரசோட சிஐஎஸ்எஃப் படை. டிக்கெட்டுல செக்யூரிட்டி ஃபீஸ்னு தனியா வர்றது அந்தச் செலவுக்கான டிரஸ்டுக்குப் போகுது, டயலுக்கு அதுல பைசா கிடையாது. பாஸ்போர்ட் முத்திரை, கஸ்டம்ஸ் ரெண்டும் மத்திய அரசு. க்யூ நீளமா இருக்குன்னு டயலைத் திட்டுறோம். கவுன்ட்டர் போட இடம் கொடுக்கிறதுதான் அவங்க வேலை. எத்தனை கவுன்ட்டர்ல ஆள் உட்காரணும்னு முடிவு பண்றது அவங்க இல்லை.

தீயணைப்பு மட்டும் முழுப் பொறுப்பு. ஓடுபாதையோட எந்த முனைக்கும் 3 நிமிஷத்துல வண்டி போய்ச் சேரணும்ங்கிறது சர்வதேச விதி. 

பேக் ஏத்தி இறக்குறது கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனி, இல்லைன்னா ஏர்லைனோட சொந்த ஆட்கள். டயல் இடத்தையும் உரிமையையும் கொடுத்து அதுல பங்கு வாங்குது. 2025 மே மாசம் செலெபிங்கிற துருக்கி கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனியோட பாதுகாப்பு அனுமதியை மத்திய அரசு ரத்து பண்ணினப்போ, டயல் அவங்க ஒப்பந்தத்தை முடிச்சுட்டு வேலையை மற்ற ஏஜென்சிகளுக்கு மாத்துச்சு. டெர்மினல் நடத்துறவங்க வேற, உள்ளே வேலை செய்யறவங்க வேற. அது அப்போ வெளிப்படையாத் தெரிஞ்சுது.

கணக்குப்பிள்ளை_ஏரோ:
பணக் கணக்குக்கு வருகிறேன். கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

விமான நிலையத்துக்கு வருமானம் இரண்டு வகை. லேண்டிங், பார்க்கிங், யுடிஎஃப் முதலியவை ஏரோ வருமானம். இவற்றின் விகிதத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏஈஆர்ஏ என்ற கட்டண ஆணையம் நிர்ணயிக்கிறது. கடை வாடகை, டியூட்டி ஃப்ரீ, விளம்பரம், கார் பார்க்கிங் போன்றவை ஏரோ அல்லாத வருமானம். இதில் ஆணையம் விலை வைப்பதில்லை.

டெல்லி ஒப்பந்தத்தின் கடினமான விதி ஒன்று: 45.99 சதவீதத்தைச் செலவாகக் காட்டிப் பயணிகளிடம் வசூலிக்க முடியாது. யுடிஎஃப் கணக்கிடும்போது பராமரிப்பு, தேய்மானம், முதலீட்டுக்கான வருவாய், வரி ஆகியவற்றைத்தான் கூட்டுவார்கள். அந்தக் கூட்டலில் 45.99 இருக்காது. ஆனால் வசூலான யுடிஎஃபிலும் நூற்றுக்கு 46 ரூபாய் அத்தாரிட்டிக்குப் போய்விடும். ஆக, ஏரோ பக்கத்தில் எப்போதுமே பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கடைகளும் நிலமும்தான் நிரப்ப வேண்டும்.

கடைகளிலும் ஒரு பிடி உண்டு. ஏரோ அல்லாத வருமானத்தில் 30 சதவீதத்தை எடுத்து, ஏரோ கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். டியூட்டி ஃப்ரீயில் 1,000 ரூபாய்க்கு விற்பனை, அதில் டயலுக்கு 30 சதவீதப் பங்கு என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்குத்தான்). டயலுக்கு வருவது 300. அதில் அத்தாரிட்டிக்கு 138. கட்டணத்தைக் குறைக்கக் கணக்கில் எடுப்பது 90. மிச்சம் 72.

இங்கே ஒன்று புரியும். 45.99 விழுவது 1,000 மீது அல்ல, 300 மீது. டயலே நேரடியாகக் கடை நடத்தியிருந்தால் முழு 1,000 மீதும் விழுந்திருக்கும், பொருளின் கொள்முதல் விலைகூட மிஞ்சாது. டியூட்டி ஃப்ரீ, விளம்பரம், பார்க்கிங் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டு நிறுவனம் வைத்தது இதனால்தான். அந்த நிறுவனங்களில் குழுமத்துக்கே பங்கு இருக்கும்போது லாபத்தின் ஒரு பகுதி அந்த வழியாகவும் வரும். இது நியாயமா என்ற விவாதம் பல வருடங்களாக உண்டு. ஒப்பந்தம் எழுதியபோதே இதை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

விமான நிலைய நிலத்தில் இருக்கும் ஹோட்டல் வளாகமான ஏரோசிட்டியும் இதே கதைதான். மொத்த நிலத்தில் 5 சதவீதம் வரை வணிகத்துக்கு விடலாம். ஹோட்டல்கள் வரிசையாக நிற்பது அந்த 5 சதவீதத்தில்.

ஐதராபாத் நிலைமை முற்றிலும் வேறு. ஷம்ஷாபாத் காலி நிலத்தில் புதிதாகக் கட்டியது, 2008 மார்ச்சில் திறந்தது. அங்கே வருமானத்தில் அரசுக்குப் போவது 4 சதவீதம் மட்டும், அதிலும் முதல் 10 வருடத்துக்கானதைப் பிறகு தவணையாகக் கட்டலாம். டெல்லியில் ஏற்கெனவே பயணிகள் கூட்டம் இருந்தது, அதற்கு ஏலத்தில் விலை ஏறியது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசக்கூடாது.

பெல்ட்7:
பேக் விஷயம் நான் சொல்றேன்.

டேக்ல இருக்கிற பார்கோடு 10 இலக்கம். முதல் இலக்கம் டேக் வகை, அடுத்த 3 ஏர்லைன், கடைசி 6 வரிசை எண். கன்வேயர்ல சுத்தி இருக்கிற ஸ்கேனர் அதைப் படிச்சு எந்த விமானத்துக்கான சரிவுக்குத் தள்ளணும்னு முடிவு பண்ணும். டேக் கசங்கினா, மடிஞ்சு பைக்கு அடியில போனா, ஸ்கேனர் படிக்காது. பேக் தனி லைன்ல திரும்பி, ஒரு ஆள் கைத்துப்பாக்கி மாதிரி ஸ்கேனரால படிக்கிற இடத்துக்குப் போகும். கனெக்டிங் விமானத்துக்கு நேரம் கம்மின்னா பை தங்கிப்போறது பெரும்பாலும் இங்கதான்.

அதைவிட மோசம் பழைய ஸ்டிக்கர். டேக் ஒட்டும்போது குட்டி பார்கோடு ஒண்ணு பைமேல தனியா ஒட்டுவாங்க. போன பயணத்தோட ஸ்டிக்கர் கிழிக்காம இருந்தா ஸ்கேனருக்கு ரெண்டு எண் தெரியும். ஒவ்வொரு தடவையும் கிழிச்சுடுங்க. தொங்குற வாரைக் கட்டிடுங்க, கன்வேயர் இணைப்புல மாட்டி லைனே நிக்கும். செக்-இன் பையில பவர் பேங்க், லைட்டர் வச்சா எக்ஸ்ரேல பை ஒதுங்கும், உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வாங்க. நீங்க போர்டிங் கேட்டுக்குப் போயிட்டீங்கன்னா பை கிளம்பாது.

நேரக் கணக்கு: டெல்லி ஒப்பந்தப்படி உள்நாட்டு விமானம் நின்ன நேரத்துல இருந்து முதல் பை 10 நிமிஷம், கடைசிப் பை 30 நிமிஷம். வெளிநாடுன்னா 15, 40. இதுல 10, 30 நிமிஷக் கணக்கை 2024 பிப்ரவரில விமானப் பாதுகாப்பு ஆணையம் 7 ஏர்லைன்களுக்கு எழுத்துல சொல்லுச்சு. பெல்ட் ஓடலைன்னா டயல் பொறுப்பு. பெல்ட் சும்மா ஓடிக்கிட்டிருக்கு, பை வரலைன்னா ஏர்லைன் பொறுப்பு.

பை வரலையா, பெல்ட் ஹாலை விட்டு வெளியே வராதீங்க. ஏர்லைன் கவுன்ட்டர்ல பிஐஆர் (பை வரலைங்கிற புகார்ப் பதிவு) எழுதி வாங்குங்க. அதுல 10 எழுத்து எண் இருக்கும்: விமான நிலையக் குறி 3, ஏர்லைன் குறி 2, அப்புறம் 5 இலக்கம். அது இல்லாம யாரும் தேட மாட்டாங்க. வெளிநாட்டுப் பயணத்துல சேதம்னா 7 நாளுக்குள்ள, தாமதம்னா பை கைக்கு வந்த 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும். ஏர்லைன் அசையலைன்னா மத்திய அரசோட ஏர்சேவா ஆப்ல போடுங்க.

பரங்கிமலைவாசி:
ரொம்ப நன்றி, தெளிவா இருக்கு. கணக்குப்பிள்ளை சார், இன்னொண்ணு. சென்னை, திருச்சி, மதுரை, கோவை நாலும் தனியாருக்குக் குத்தகை விடுற பட்டியல்ல இருக்கே. விட்டா டெல்லி மாதிரி சதவீதமா வருமா?

கணக்குப்பிள்ளை_ஏரோ:
வராது. 2019 ஏலத்திலேயே முறையை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு பயணிக்கு இத்தனை ரூபாய் என்றுதான் கேட்பார்கள். அந்த ஏலத்தில் அதானி கொடுத்த விலை: அகமதாபாத் 177, திருவனந்தபுரம் 168, மங்களூரு 115. குத்தகை 50 வருடம். கடையில் எவ்வளவு சம்பாதித்தாலும் அத்தாரிட்டிக்குப் போவது தலைக்கணக்குதான். நடத்துபவருக்கு இது டெல்லியைவிட வசதி, கூட்டு நிறுவனம் வைத்துச் சுற்றி வளைக்கும் தேவை குறையும். ஆனால் இந்தத் தொகையையும் கட்டணத்தில் சேர்க்க முடியாது. எனவே சென்னைக்கு ஏலம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு எத்தனை ரூபாய் என்பதல்ல, எந்த வருடத்துக்குள் எத்தனை சதுர மீட்டர் கட்டியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார்களா என்பதுதான்.