மிளகாய்க் கண்டு சுருளுது, வேப்பெண்ணெய் அடிச்சும் சரிவரேல்ல, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார் அக்காமார், நாங்கள் வெள்ளவத்தையில மூண்டாம் மாடி, பல்கனியில ஏழு மிளகாய்க் கண்டும் ரெண்டு கத்தரியும் சாடியில வச்சிருக்கிறன். ரெண்டு கிழமையா மிளகாய்க் குருத்து இலை எல்லாம் மேல்பக்கமா வள்ளம் மாதிரி மடிஞ்சு நிக்குது, இலையத் திருப்பி ஃபோன் கேமராவ சூம் பண்ணிப் பாத்தா நரம்போரம் மெல்லிசா மஞ்சளா என்னவோ ஓடுது, மேல்பக்கம் சுருண்டா இலைப்பேன் கீழ்ப்பக்கம் சுருண்டா சிலந்திப்பேன் எண்டு சொல்லுவினம், அப்ப இது இலைப்பேன் தானே?

கடையில வேப்பெண்ணெய் வாங்கி ஒரு லீற்றர் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி விட்டு பகல் பதினொரு மணிக்கு அடிச்சன், அடுத்த நாள் இலை கருகிப்போச்சு. லீற்றருக்கு 5 மில்லி, அதுவும் பின்னேரம் வெயில் சாஞ்சாப் பிறகு எண்டு பிறகுதான் தெரியும். சவர்க்காரத் தண்ணி கலக்காததால எண்ணெய் மேல மிதந்து ஸ்பிறே வாயும் அடைச்சிட்டுது, என்ட அவசரம் தான்.

இப்ப யாழ்ப்பாணத்தில இருந்து அம்மா வேப்பங்கொட்டை அனுப்பியிருக்கிறா. பருப்பை இடிச்சு லீற்றருக்கு 50 கிராம் கணக்கில சீலையில கட்டி இரவு ஊறவச்சு அடிக்கலாமாம், அதோட உள்ளி பச்சை மிளகாய் அரைச்ச தண்ணியும் சேக்கலாமா, இல்லாட்டி வேற வேற நாளா? கிழமைக்கு எத்தினை தரம்? பக்கத்து வீட்டு அன்ரி உடுப்புக் காயப்போடுறவா, மணத்துக்குச் சண்டை வராத மாதிரி ஏதும் இருந்தா இன்னும் நல்லம். கருகின இலைய வெட்டவா விடவா எண்டும் சொல்லுங்கோ.