கிராமத்து ஃபுளோரைடு பிரச்சினையை கல்லூரி ப்ராஜெக்ட்டாக எடுக்க முடியுமா?

கெமிக்கல் மாணவன்:
வணக்கம். தருமபுரி பக்கம் பி.டெக் கெமிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசின் கிராமத் திட்டத்தில் எங்கள் கல்லூரி ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறது, ஆனால் இதுவரை நடந்தது சர்வே படிவம், மரக்கன்று, குரூப் போட்டோ, அவ்வளவுதான். அதில் ஒரு ஊரில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பள்ளிப் பிள்ளைகள் நிறைய பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் ஒன்று செய்து பள்ளியில் வைக்க ஆசை. கைடு, "இதற்கு கிரெடிட் கிடையாது, என்.எஸ்.எஸ். கணக்கில் காட்டிக்கொள்" என்கிறார். படிப்போடு சேர்த்துச் செய்ய வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற நீர்ப் பொறியாளர்:
தம்பி, நல்ல எண்ணம். ஆனால் ஃபில்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்ணீரை லேபில் கொடுத்து அளவைப் பாருங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அடுத்து, அந்த ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதா? 2013-லிருந்து வரும் திட்டம், ஃபுளோரைடுக்காகவே கொண்டுவந்தது. ஆற்றுத் தண்ணீர் வந்தும் பற்றாக்குறைக்கு அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றுகிறார்கள் என்றால் அங்கே தேவை ஃபில்டர் இல்லை, குடிக்க மட்டும் தனித் தொட்டியும் தனி பைப்பும்தான். இது டேங்க் ஆபரேட்டருக்குத்தான் தெரியும், அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அலுமினாதான் வைக்கப்போகிறீர்கள் என்றால், அதில் ஃபுளோரைடு நிறைந்ததும் காஸ்டிக் சோடா, அப்புறம் ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். யார் கழுவுவார்கள், கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவார்கள்? ஃபுளோரைடுக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது, ஃபில்டர் செத்துப்போனாலும் பிள்ளைகள் நம்பிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதுதான் பயம்.

உதவிப் பேராசிரியை:
ஃபில்டரை வைத்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சார் கேட்கிறாரே, அதில்தான் கிரெடிட் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1995-ல் எபிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. ஊரில் உள்ள சேவை அமைப்புகளுக்கு மாணவர்கள் வேலை செய்து தருவார்கள், அதற்கு கிரெடிட் உண்டு. எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒரே டீமில் முதலாம் ஆண்டிலிருந்து இறுதியாண்டு வரை கலந்து இருப்பார்கள், சீனியர் பட்டம் வாங்கிப் போனாலும் ஜூனியருக்கு வேலை தெரியும், வருஷம் மாறினாலும் அந்த அமைப்போடு உறவு அறுந்து போகாது. நம் ஊரில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவோடு முடிகிறது, பிறகு அந்தப் பள்ளிக்கு யாரும் போவதில்லை. அதனால் தண்ணீர்ப் பரிசோதனையையும் ஃபில்டர் டிசைனையும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகவே பதிவு செய்யுங்கள், அது முழுக்க உங்கள் பாடம், கைடு மறுக்கக் காரணமே இல்லை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், மாதா மாதம் சாம்பிள் எடுப்பது அவர்கள் பொறுப்பு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் கிரெடிட்டுக்கு பாடத்திட்டக் குழுவிலும் கேட்டுப் பாருங்கள்.

கெமிக்கல் மாணவன்:
ரொம்ப நன்றி சார், மேடம். ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா என்று நாங்கள் கேட்கவே இல்லை. சனிக்கிழமை ஆபரேட்டர் அண்ணனைப் பார்க்கப் போகிறோம். சாம்பிளைத் தொட்டியிலும் எடுக்க வேண்டுமா, பள்ளிக் குழாயில் மட்டும் போதுமா?

ஓய்வுபெற்ற நீர்ப் பொறியாளர்:
போர், தொட்டி, பள்ளிக் குழாய், மூன்றிலும் தனித்தனியாக. பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், கண்ணாடி வேண்டாம். எந்த நேரம் எந்தத் தண்ணீரை ஏற்றினார்கள் என்பதையும் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள்.