ஒரே நாளில் செட்டிநாட்டு வீடுகள்: போய் வந்தவர்கள் சொல்வது

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் 15 கிலோமீட்டர் போல. எல்லாரும் முதலில் போய் நிற்பது செட்டிநாடு அரண்மனை வாசலில்தான். 1912-ல் கட்டியது, முகப்பு கண்ணை நிறைக்கும்; ஆனால் உள்ளே விடுவது அரிது. அங்கே அரை மணி நேரம் போதும். உள்ளே நடந்து பார்க்க, பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் லட்சுமி வீடு என்ற பழைய செட்டிநாட்டு வீட்டுக்குப் போங்கள். கட்டணம் சொற்பம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தை நம்பினால் பாதி நாள் காத்திருப்பிலேயே போய்விடும். காரைக்குடியிலேயே ஆட்டோ பேசிவிடுவது நல்லது.

*

மேலே சொன்னதோடு ஒன்று. வீட்டுக்குள் நுழைந்ததும் விதானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். வாசல் நிலைக்கு நேரே நின்று பின்வாசல்வரை பாருங்கள். முகப்பு, வளவு (திறந்த முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு (அடுத்த பகுதி), அடுப்படி எல்லாம் ஒரே கோட்டில் வரும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. கதவுகள் திறந்திருந்தால் காற்று அந்த வழியே ஓடும், வளவின் சூடு முற்றம் வழியாக மேலேறிவிடும். வளவைச் சுற்றியுள்ள அறைகளை வெறும் படுக்கையறை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஒதுக்கியவை அவை. சீர்ச் சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும். முற்றத்தைச் சுற்றி ஓட்டுக்கூரை உள்பக்கமாகச் சரிவது மழைத்தண்ணீரைப் பிடிக்க.

சுவரை மட்டும் தயவுசெய்து தடவாதீர்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி, கண்ணாடிபோல் பளபளக்கும்வரை தேய்த்த பூச்சு. கை எண்ணெய் படிந்தால் கறை நின்றுவிடும். அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு.

*

ஆத்தங்குடி வரை போய்விட்டு டைல்ஸ் பட்டறை பார்க்காமல் திரும்பாதீர்கள். காலையில் போனால்தான் வார்ப்பதைப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுக்கும் நொடியைக் கவனியுங்கள்: கலவை நீர்த்திருந்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலங்கி, கோடு போய்விடும். உடனே மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவுவது அந்த ஈரத்தை உறிஞ்சத்தான். பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து காயவைத்து, அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளை கிடையாது. மேல்பக்க வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

வாங்குகிறவர்கள் கவனிக்க: இது சிமெண்ட் தரை, ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் அரித்துவிடும். நிறம் மங்கினால் தேங்காயெண்ணெய் துளி தொட்டுத் துடையுங்கள்.