'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1971): சப்டைட்டில் பொருந்தவில்லை, உதவி தேவை

ஹாரி கூமெல் இயக்கிய இந்தப் படத்தைச் செவித்திறன் குறைந்த நண்பர்களுக்காக அடுத்த மாதம் திரையிட இருக்கிறோம். ஆனால் என்னிடமுள்ள 100 நிமிட வடிவத்துடன் ஆங்கில சப்டைட்டில் பொருந்தவில்லை. தொடக்கத்தில் சரியாக வரும் வரிகள், பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடற்கரை விடுதிக்கு எலிசபெத் பாத்தரி சீமாட்டி வந்து சேர்வதற்குள் சிறிது சிறிதாக முந்திவிடுகின்றன. பின்னர் ஓரிடத்தில் திடீரென வெகுதூரம் தாவிவிடுகின்றன.

விஎல்சி பிளேயரில் தாமதத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் நொடிக்கு 25 பிரேம் என்பதை 23.976 ஆக மாற்றியதும் மெல்ல விலகுவது நின்றது. தாவல் மட்டும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் 87 நிமிடமாகக் குறைத்து வெளியிட்ட வடிவத்துக்கான கோப்பாக இது இருக்கலாம். அப்படியானால் வெட்டப்பட்ட பகுதிகளின் வசனமே இதில் இருக்காது.

சீமாட்டியாக நடிக்கும் டெல்ஃபின் செரிக் குரலை உயர்த்தாமல், புன்னகை மாறாமல், புதுமணத் தம்பதியைப் பேசிப் பேசியே தன்வசப்படுத்துகிறார். பழைய ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிச்சை நினைவூட்டும் அவருடைய தோற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு தவறினால் பாத்திரமே பாதியாகிவிடும்.

100 நிமிட வடிவத்துக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில சப்டைட்டில் எந்த டிஸ்க் வெளியீட்டில் இருக்கிறது?