சமூகப்பணியா, ஹியூமன் சர்வீசஸா? எதை எடுப்பது, எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பள்ளி முடிகிறது. மக்களோடு நேரடியாக வேலை செய்யும் படிப்பு வேண்டும். சமூகப்பணி, ஹியூமன் சர்வீசஸ் (மனிதநலச் சேவைகள்) என்ற இரண்டு பட்டங்களின் பாடத்திட்டமும் பாதிக்குப் பாதி ஒன்றாகவே தெரிகிறது. எதில் சேரலாம்? களப்பணி (நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி) இருக்கும்போது பகுதிநேர வேலைக்கும் போக முடியுமா?

பதில் 1: பாடங்கள் ஒத்துப்போனாலும் படித்து முடித்தபின் திறக்கும் கதவுகள் வேறு. சோஷியல் ஒர்க்கர் என்ற பெயரையே பல நாடுகளில் சட்டம் பாதுகாக்கிறது. பதிவு செய்யாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் பெரும்பாலும் சி.எஸ்.டபிள்யூ.இ. (சமூகப்பணிக் கல்விக்கான மன்றம்) அங்கீகரித்த சமூகப்பணிப் பட்டம் இருந்தால்தான் உரிமத் தேர்வே எழுதலாம். அந்தப் பட்டத்தோடு போனால் முதுகலையை இரண்டு வருடத்துக்குப் பதில் சுமார் ஒரே வருடத்தில் முடிக்கவும் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. ஹியூமன் சர்வீசஸ் படித்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. காப்பக நிர்வாகம், திட்ட ஒருங்கிணைப்பு, கேஸ் மேனேஜ்மென்ட் (ஒருவருக்குத் தேவையான உதவிகளை ஒருங்கிணைத்துத் தொடர்ந்து கவனிப்பது) போன்ற வேலைகளுக்கு ஹியூமன் சர்வீசஸ் பட்டம் போதும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும், நீங்கள் சேரும் பட்டத்துக்கு இருப்பதும் ஒன்றல்ல. எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்களோ, அங்குள்ள பதிவு அமைப்பின் பட்டியலில் அந்தப் பட்டத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பதில் 2: புள்ளியியலைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அது முடிந்தால்தான் ஆய்வுமுறை எடுக்க முடியும் என்று பல கல்லூரிகளில் விதி. முன்பாடங்களில் ஒன்று நிலுவையில் நின்றாலும் களப்பணிக்கு அனுப்ப மாட்டார்கள். களப்பணி வருடத்துக்கு ஒருமுறைதான் தொடங்கும் கல்லூரி என்றால் முழு வருடமும் போய்விடும். உளவியல், சமூகவியல், புள்ளியியல் மூன்றையும் முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

சமூகநலக் கொள்கைப் பாடத்தை வறட்சியானது என்று ஒதுக்க வேண்டாம். யாருக்கு என்ன உதவி, எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்று தெரியாதவர், வந்தவரின் விண்ணப்பத்தைக்கூடச் சரியாக நிரப்ப முடியாது.

பதில் 3: பகுதிநேர வேலை பற்றி. அமெரிக்காவில் இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி நேரக் களப்பணி, முதுகலைக்கு 900.  வாரம் இரண்டு நாள், நாளுக்கு 8 மணி என்றால் 26 வாரத்தில் 416 மணி வரும்; இளங்கலைக்கு அது போதும். இவை பெரும்பாலும் வேலைநாளின் பகல் நேரங்கள். மேற்பார்வையாளர் அப்போதுதான் இருப்பார். அதனால் மாலையிலோ வார இறுதியிலோ உள்ள வேலையைப் பாருங்கள்.

குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றுக்குக் களப்பணி தொடங்க இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அது கையில் இல்லாமல் குழந்தைகள் இருக்கும் நிறுவனத்துக்குள் விடமாட்டார்கள். களப்பணியில் சந்தித்தவரோடு பேசியதை எழுதிவைக்கும் உரையாடல் பதிவுக்கும் நேரம் ஒதுக்குங்கள்: சேவை பெறுபவர் சொன்னது, நீங்கள் சொன்னது, அப்போது உங்களுக்குத் தோன்றியது, மூன்றும் தனித்தனிப் பத்தியில். அன்றிரவே எழுதாவிட்டால் அவர் சொன்ன சொற்கள் மறந்து உங்கள் விளக்கம் மட்டும்தான் மிஞ்சும். சேவை பெறுபவரின் உண்மைப் பெயர் அதில் வரவே கூடாது.