ஈ20 பெற்றோல் (20 வீதம் எத்தனோல் கலந்தது) இலங்கைக்கு வந்தால் பழைய கார்களுக்கு என்ன ஆகும்?

கொட்டகலை ஓட்டுநர்:
வணக்கம். என்னிடம் 2013 ஆல்ட்டோ 800 இருக்கிறது, அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காரும் வீட்டில் நிற்கிறது, அதை எப்போதாவதுதான் எடுப்போம். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் இந்தியா போய் கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். அங்கே மாமா மகனிடமும் இதே ஆல்ட்டோதான். ஈ20 வந்த பிறகு லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்துவிட்டது, ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று போன் எடுத்தாலே இதே பேச்சு. இப்போது என் காரும் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் திக்குகிறது. இங்கேயும் எத்தனோல் கலக்கிறார்களா? கலந்தால் எஞ்சின் கெட்டுப்போகுமா? மொரிஸை நினைத்துத்தான் கூடுதல் பயம், சாமான் கிடைப்பதே கஷ்டம்.

பண்டாரவளை கராஜ்:
தம்பி, இந்தியாவில் இருப்பது போல எல்லாப் பெற்றோலிலும் எத்தனோல் கலக்கும் கட்டாயத் திட்டம் இங்கே இல்லை. சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். அளவுக் கோடு போட்ட 100 மில்லிலீற்றர் கண்ணாடிக் குழாயில் 10 வரை தண்ணீர், மீதி 90 பெற்றோல் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். எத்தனோல் இருந்தால் அது பெற்றோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும், அடிமட்டம் 10ஐத் தாண்டி ஏறும், ஈ20 என்றால் 20க்கும் மேலே போகும். வெளியில் வைத்துச் செய்யுங்கள், அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கூடலூர்க்காரர் சொல்வது பொய் இல்லை. ஒரு லீற்றர் எத்தனோலில் உள்ள சக்தி பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 வீதம் கலந்தால் கணக்குப்படி ஆறேழு வீதம் தூரம் குறையும். இந்திய அமைச்சே பழைய கார்களில் 3 முதல் 6 வீதம் வரை குறையலாம் என்று சொன்னது. ஆனால் ஆல்ட்டோவில் ஒட்சிசன் சென்சர் இருக்கிறது, எரிபொருள் போதவில்லை என்று தெரிந்ததும் கம்பியூட்டர் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து சரிக்கட்டும். ஆகவே எஞ்சின் உடனே உடைந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். நான் பயப்படுவது ரப்பருக்கும் உலோகத்துக்கும்தான். 2023 ஏப்ரலுக்கு முந்திய கார்களின் ஹோஸ், சீல் எல்லாம் பெரும்பாலும் ஈ20ஐ நினைத்துச் செய்தவை இல்லை, வருடக்கணக்கில் ஊறினால் உப்பும் அல்லது வெடிப்பு விழும். இன்னொன்று, எத்தனோல் டாங்கியில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும், அதனால் முதலில் அடைபடுவது பெற்றோல் பில்டர்தான்.

காலைத் திக்கலுக்கு பிளக், எயார் பில்டர், எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் பொடி மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் பெற்றோலைக் குறை சொல்லுங்கள்.

நானுஓயா பனி:
அண்ணன் சொன்னதோடு தண்ணீரையும் சேர்க்க வேண்டும், நம் பக்கத்துக்கு அதுதான் பெரிய விஷயம். இரவுக் குளிரில் பாதி காலியான டாங்கிக்குள் ஈரம் வேர்த்து இறங்கும். சாதாரணப் பெற்றோலில் அது அடியில் துளியாகக் கிடக்கும். எத்தனோல் கலந்தது ஓரளவு தண்ணீரைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும், ஈ10 என்றால் ஏறக்குறைய அரை வீதம், குளிரக் குளிர அந்த அளவு இன்னும் குறையும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனோலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியில் இருந்துதான். தினமும் ஓடும் காரில் இது நடக்காது. மாதக்கணக்கில் நிற்கும் மொரிஸில் நடக்கும், டாங்கியின் இரும்பும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நிறுத்தி வைப்பதென்றால் டாங்கியை நிரப்பி வையுங்கள்.

மாத்தளை மொரிஸ்:
மொரிஸ் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அதில் சென்சர் கிடையாது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ காபரேட்டர் கொடுத்ததைத்தான் கொடுக்கும், ஆகவே எத்தனோல் வந்தால் கலவை மெலியும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாமல் போகும். ஆனால் மேலே மலையில் காற்று ஐதாக இருப்பதால் (நுவரெலியா 1,868 மீற்றர், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் எண்பது வீதம்தான்) கீழே செட் பண்ணிய காபரேட்டர் அங்கே எப்படியும் கூடுதலாகத்தான் பெற்றோல் கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடும், மேலே ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. கினிகத்தேனை தாண்டி கொழும்புக்கு இறங்கினால்தான் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும், வால்வு கெடும். அப்படி ஒரு நாள் வந்தால் காபரேட்டர் அடியில் இருக்கும் ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கலவையைக் கூட்ட வேண்டும், அதை ஊருக்கு ஊர் மாற்ற முடியாது என்பதால் கீழ்நாட்டுக்குத் தோதாகவே வைப்பது நல்லது.

ஏற்றத்தில் இன்னொரு தொல்லை, எத்தனோல் கலந்த பெற்றோல் சீக்கிரம் ஆவியாகும், அதுவும் பத்து வீத அளவில் கலந்தால்தான் அதிகம். காற்றழுத்தம் குறைந்த இடத்தில், முதல் கியரில் மெதுவாக ஏறும்போது பொனட்டுக்குள் சூடும் சேர்ந்தால் குழாயிலேயே ஆவி அடைத்து வண்டி நின்றுவிடும். பெற்றோல் குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டாமல் இருக்கிறதா பாருங்கள்.

கொட்டகலை ஓட்டுநர்:
எல்லாருக்கும் நன்றி. குழாயில் போட்டுப் பார்த்தேன், மட்டம் 10லேயே நின்றது. எயார் பில்டர்தான் கரி பிடித்துக் கிடந்தது, மாற்றிய பிறகு திக்கல் குறைந்திருக்கிறது. 95 ஒக்டேன் அடித்தால் இன்னும் நல்லதா? மொரிஸ் ஹோஸை இப்போதே மாற்றலாமா?

பண்டாரவளை கராஜ்:
95 தேவையில்லை தம்பி, ஆல்ட்டோ இந்தியாவின் 91க்குச் செய்த எஞ்சின், மேலே போகப் போக ஒக்டேன் தேவை இன்னும் குறையும். அந்தக் காசை ஹோஸுக்குப் போடுங்கள், எத்தனோல் வந்தாலும் வராவிட்டாலும் பழைய ரப்பர் பழைய ரப்பர்தான். வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற பெற்றோல் ஹோஸ் தரக் குறி அச்சடித்திருக்கிறதா பாருங்கள், எழுத்தே இல்லாத கறுப்புக் குழாயை மீற்றர் கணக்கில் வெட்டித் தந்தால் வாங்க வேண்டாம். பெற்றோல் பம்புக்குள் இருக்கும் டயப்ரத்தையும் (ரப்பர் சவ்வு) அதோடு சேர்த்துக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.