ஆன்லைன் ரம்மியிலிருந்து மீள்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.: எதை எழுதுவது, எந்த நேரத்தில் அனுப்புவது?

வைகைக்கரை (கேள்வி):
ஆன்லைன் ரம்மி, கிரிக்கெட் பெட்டிங் காரணமாக எங்கள் மீட்பு மையத்துக்கு வந்த 40 பேர் கவுன்சிலிங் முடித்து வீடு திரும்புகிறார்கள். அடுத்த 12 வாரம் அவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பத் திட்டம். பெரும்பாலும் இரவில்தான் ஆடினார்கள் என்பதால் தினமும் இரவு 11 மணிக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறோம். மாதிரிக்கு இரண்டு:

1) சூதாட்டம் குடும்பத்தை அழிக்கும். இன்றே நிறுத்துங்கள்!
2) இன்று செலவு எழுதினீர்களா? ஆம் 1, இல்லை 2 என அனுப்பவும்.

பல்க் எஸ்.எம்.எஸ். நிறுவனம் வழியாக அனுப்பலாமா? "முழுசா விடமாட்டேன், குறைச்சுக்கிறேன்" என்று சொல்லும் சிலருக்கு என்ன அனுப்புவது?

நெய்தல்72:
முதல் செய்தியைத் தூக்கிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் அது சொல்லவில்லை. மனைவியோ பிள்ளையோ போனை எடுத்தால் திரையில் முதலில் தெரிவது "சூதாட்டம்" என்ற சொல். அந்த அவமானத்துக்காகவே எண்ணை பிளாக் செய்துவிடுவார்கள். ரம்மி, பெட், பாயின்ட் போன்ற சொற்களும் வேண்டாம். படித்ததும் ஆட்டத்தின் நினைப்பு வந்துவிடும்.

இரண்டாவது நல்ல வகை. அறிவுரையைவிட, தன்னையே கணக்குப் பார்க்கவைக்கும் கேள்வி அதிகம் வேலை செய்யும். அதைவிடவும் நல்லது, கடைசி கவுன்சிலிங்கில் அவர் வாயால் சொன்னதையே எழுதி வைத்துத் திருப்பி அனுப்புவது. "சம்பளம் ஏறியதும் முதலில் வாடகை, அப்புறம் ஏலச்சீட்டுப் பணம்" என்று அவர் சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் அப்படியே போகட்டும். ஆளுக்கு ஐந்தாறு வாக்கியம் சேர்த்தால் போதும்.

இரவு 11 மணி தவறான நேரம். தூங்கப்போனவர் கையில் நீங்களே போனைக் கொடுக்கிறீர்கள். 9 மணிக்குள் முடியுங்கள். அதோடு எல்லோருக்கும் ஒரே நேரம் சரிவராது. மாதச் சம்பளக்காரருக்குப் பணம் ஏறும் நாள் காலை, வாரக்கூலிக்காரருக்குச் சனிக்கிழமை கூலி கைக்கு வரும் முன். ஐ.பி.எல். மாலை ஆட்டத்துக்கு டாஸ் 7 மணி. பெட்டிங் ஆளுக்கு 6.30க்குப் போய்ச் சேரவேண்டும். ஒவ்வொருவருடைய சம்பளத் தேதியையும் வாங்காமல் அட்டவணை போடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் தினம் ஒன்று. பிறகு வாரம் மூன்று. எட்டாம் வாரத்துக்கு மேல் வாரம் ஒன்றும் சம்பள நாளும் போதும். 12 வாரமும் தினசரி அனுப்பினால் ரீசார்ஜ் விளம்பரம்போல் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள்.

தண்டவாளம்:
தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது செய்தி பல்க் வழியில் வேலையே செய்யாது. பல்க் எஸ்.எம்.எஸ். ஆங்கில எழுத்துகள் கொண்ட ஹெடரிலிருந்து (எண்ணுக்குப் பதில் வரும் அனுப்புநர் பெயர்) போகும்; அதற்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. 1 என்று அடித்தால் "அனுப்ப இயலவில்லை" என்று வரும், இரண்டு தடவைக்குப் பிறகு அவர் முயலவே மாட்டார். அந்த வழிதான் வேண்டும் என்றால் பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் எண் வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, பல்க் செய்திகளைப் பதியும் டி.எல்.டி. தளத்தில் நிறுவனம், ஹெடர், டெம்ப்ளேட் (செய்தியின் வாசக மாதிரி) மூன்றையும் பதியவேண்டும். பதிந்த டெம்ப்ளேட்டில் ஒரு எழுத்து மாறினாலும் செய்தி வழியிலேயே நின்றுவிடும். ஆளுக்கொரு வாக்கியம் என்று நெய்தல் சொல்வது அங்கே பெரும்பாடு.

40 பேருக்கு இதெல்லாம் எதற்கு? மையத்துக்கென்று தனி போன், தனி சிம். கூகுள் மெசேஜஸில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து வைக்கலாம். பதிலும் அதே எண்ணுக்கு வரும்.

நீளத்தைக் கவனியுங்கள். தமிழ் எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 70 குறிகள்தான். தாண்டினால் 67 ஆக வெட்டி இரண்டு, மூன்று என்று கணக்காகும். புள்ளியும் கொம்பும் காலும் தனிக்குறிகள். "எழுதினீர்களா" நமக்கு 7 எழுத்து, போனுக்கு 12. உங்கள் இரண்டாவது செய்தி மொத்தம் 55, அதனால் ஒன்றுக்குள் அடங்குகிறது. பல பிளான்களில் நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். வரம்பு. 40 பேருக்கு இரண்டு பகுதிச் செய்தி என்றால் 80, சமாளிக்கலாம். மூன்று பகுதி என்றால் 120. கடைசி ஆறேழு பேருக்குப் போகாமல் நிற்கும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள்.

லிங்க் எதுவும் வைக்காதீர்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்கைத் தொடாதே என்றுதானே அவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.

முதல் செய்தியை அவர் எதிரில் இருக்கும்போதே அனுப்பி, அவர் விரும்பும் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். இவர்களில் பலருக்கு லோன் ஆப் தொல்லை உண்டு. தெரியாத எண்ணிலிருந்து எது வந்தாலும் வசூல்காரன் என்றே பயப்படுவார்கள். அதே சந்திப்பில், ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, இடம்விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்பச் சொல்லுங்கள். பதிவு பெற்ற விளம்பரச் செய்திகள் நிற்கும். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வரும் "போனஸ்" தூண்டில்கள் இதற்கு அடங்காது. அவற்றை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு என்ற புகார்ப் பக்கத்தில் புகார் செய்யவேண்டும்.

பனங்கிழங்கு:
"குறைச்சுக்கிறேன்" என்பவர்களைப் பற்றி. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் 2025 விதிகளில் இரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஒரு மணி நேரம் தாண்டினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை எல்லாம் இருந்தன. அவை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களைத்தான் கட்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் தடைச் சட்டம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இன்னும் ஆடுகிறவர் போவது வெளிநாட்டுத் தளத்துக்கு. அங்கே இந்த வரம்போ எச்சரிக்கையோ கிடையாது. ஆகவே "500 ரூபாய்க்குள் ஆடுங்கள்" என்று செய்தி அனுப்புவதில் பயனில்லை. வரம்பை வங்கியில் வைக்கவேண்டும்.

ஒரு செய்திக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். திங்கள்: யு.பி.ஐ. லைட்டை மூடுங்கள் (பின் கேட்காமல் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகும், சத்தமில்லாத ஓட்டை அது). புதன்: வங்கி ஆப்பில் கார்டின் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை அணையுங்கள். வெள்ளி: சம்பளக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யை நீக்கி, வாரச் செலவு மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கில் வையுங்கள். செய்துவிட்டால் 1 என்று பதில்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெய்ரீன், சாலி கெய்ன்ஸ்பரி இருவரும் ஆஸ்திரேலியப் பந்தயத் தள வாடிக்கையாளர்களிடம் நடத்திய சோதனையில், பணம் போட வரம்பு வையுங்கள் என்ற செய்தி கிடைத்தவர்களே அதிகம் வரம்பு வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அது தளத்திலிருந்து முகம் தெரியாதவர்களுக்குப் போனது. உங்கள் 40 பேரை உங்களுக்குத் தெரியும்; அந்த அனுகூலத்தை விட்டுவிடாதீர்கள்.

பலனை அளக்க "எவ்வளவு தோற்றீர்கள்" என்று கேட்காதீர்கள். ஜெயித்ததைக் கழித்துத்தான் சொல்வார்கள். எத்தனை நாள் பணம் போட்டார், மொத்தம் எவ்வளவு என்று வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு யு.பி.ஐ. ஆப்பின் வரலாற்றில் மற்ற ஆப்பில் போனது தெரியாது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. தனி போன் வழியே போகிறோம், நேரத்தையும் மாற்றுகிறோம். நடு இரவில் "எல்லாம் போச்சு, இனி என்னத்துக்கு" என்று ஒரு பதில் வந்தால்?

நெய்தல்72:
அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் தொடங்கவே கூடாது. இந்த எண்ணை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்ப்பீர்கள் என்பது முதல் செய்தியிலேயே இருக்கட்டும். கூடவே மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும். வாரம் ஒருமுறை இந்த இரண்டு எண்களை மட்டும் தனிச் செய்தியாக அனுப்புங்கள், மேலே தள்ளித் தேடவேண்டியிருக்காது. வீட்டில் யாருக்குப் போன் செய்யலாம் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதமும் எண்ணும் வாங்கி வையுங்கள். அப்படியொரு பதில் வந்தால் எஸ்.எம்.எஸ். அடித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கூப்பிடவேண்டும். முதல் நான்கு வாரமாவது இரவு யார் பொறுப்பு என்று பெயர் போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.